அந்தோனியார் அனுப்பின கிடாய்

மொட்டுவேக்கா, நியூசிலாந்து
11 மார்ச் 2007

அன்புள்ள அம்புறோஸ் அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் சுகமோ எண்டு கேக்க மனம் வரேல்லை. எண்டாலும் கேக்கிறன், உங்கட மனுசி, என்ர மச்சாள், இந்தக் கடிதத்தை வாசிப்பா எண்டதுக்காக.

இனிப் போனில கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். நீங்கள் கத்த, நான் கத்த, காசு குடுத்து வாங்கின ரெலிபோன் காட்டில இன்னும் ஒரு நிமிசம்தான் இருக்கு எண்டு அந்தப் பொம்பிளையின்ர குரல் வர, அந்த ஒரு நிமிசத்தையும் நீங்கள் விடேல்லை. "இருபத்தொன்பது வயசில கலியாணம் கட்டாமல் வில்லும் அம்பும் தூக்கிக்கொண்டு உலகத்தின்ர அடியில போய் நிக்கிறாய்!" எண்டு கத்தினியள். கடிதத்தில கத்த ஏலாது. அதால எழுதுறன்.

பகலில அப்பிள் பொதி செய்யிற இடத்தில வேலை. பெல்டில உருண்டு வாறதைப் பாத்து, நல்லதை எடுத்துப் பெட்டியில அடுக்கிறது. மொன்றியலில நீங்கள் வாங்கிற அப்பிளில ஒண்டு என்ர கை பட்டதா இருக்கலாம், கழுவாமல் சாப்பிடுங்கோ.

சனி ஞாயிறில மலைக்குப் போறன். இஞ்ச கொலின் எண்டு ஒரு பண்ணைக்காரர். அவற்ற மலை முழுக்கக் காட்டாடு. ஆரோ ஒரு காலத்தில வளத்துக் கைவிட்டதுகள், பெருகிப்போய் நட்ட கண்டு ஒண்டையும் மிச்சம் விடுறதில்லை. சுடுறதுக்கு ஆக்கள் துவக்கோட வருவினம். வில்லோட வந்த முதல் பொம்பிளை நான்தானாம். "உதால ஆட்டைக் கிச்சுக்கிச்சு மூட்டப் போறியோ?" எண்டு கேட்டார். போன கிழமை ஒரு மறியை, பெண் ஆடு, அடிச்சன் அண்ணை. ஒரே அம்பு. நாலடி நடந்து படுத்திட்டுது. மச்சாள் கட்டித் தந்த கறித்தூளைப் போட்டுக் கறி வைச்சன். அப்பிள் பெட்டையள் எல்லாம் மூக்கால தண்ணி ஓட ஓடத் திண்டவை. கொலின் இப்ப கிச்சுக்கிச்சுக் கதை கதைக்கிறேல்லை.

இன்னொண்டு. அந்த மலையில ஒரு கறுத்தக் கிடாய் நிக்குதாம். கொம்பு ரெண்டும் ஆள் கையை விரிச்ச மாதிரிப் பக்கத்துக்குப் போய் முறுகித் திரும்புமாம். எத்தினையோ பேர் தேடி வந்து வெறுங்கையோட போனவையாம். நீ அடிச்சால் தலை உனக்கு எண்டு கொலின் சொல்லிப்போட்டார். சும்மா சொல்லேல்லை அண்ணை, எனக்கு அது வேணும்.

சர்மிளா


மொன்றியல்
28 மார்ச் 2007

தங்கச்சி சர்மிளாவுக்கு,

கத்தினது கத்தினதுதான். அண்ணன் கத்தாமல் ஆர் கத்திறது? அதைப் பேந்து பாப்பம்.

இஞ்ச இன்னும் பனி. கரையில கிடக்கிற ஐஸ் ஊத்தை பிடிச்சுக் கறுத்துப்போச்சு. துறைமுகத்தில வேலை குறைவில்லை, பெட்டி இறக்கி ஏத்தி இடுப்பு நாரி முறியுது.

உன்ர கடிதத்தை வேலைக்குக் கொண்டு போனனான். ஏன் எண்டு கேள். எங்கட சாப்பாட்டு அறைச் சுவரை நீ காணேல்லை. ஒவ்வொரு ஒக்ரோபரும் இந்தக் கெபெக் மாகாணத்துக்காரர் எல்லாரும் வருத்தம் வந்த மாதிரி ஒரேயடியாக் காணாமல் போவாங்கள். திரும்பி வரேக்க ஆளுக்கொரு படம். மான், கரடி, கொம்பு, இளிப்பு. சுவர் நிறைய. பதினாறு வரியமா நான் மற்றவன்ர மானைப் பாத்து "பிராவோ, பிராவோ" எண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு. இந்தமுறை கிரேன் ஓட்டிற ரெஜானிட்ட, அவன்தான் அதுக்குள்ள பெரிய வேட்டைக்காரன், சொன்னன்: "என்ர தங்கச்சி நியூசிலாந்தில வில்லோட நிக்கிறாள். ஒரே அம்பு." அவன் எழும்பிச் சுவரடிக்குப் போனான். பிறகு தன்ர கரடிப் படத்தைக் கழட்டி ஓரத்தில குத்திப்போட்டு, "இந்த இடம் உன்ர தங்கச்சிக்கு" எண்டான். பிள்ளை, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஊரில திரும்பவும் சண்டை, அங்கயிருந்து வாற செய்தி ஒண்டும் நல்லதில்லை, உனக்குத் தெரியும். காலமை ரேடியோவைப் போட்டால் மச்சாள் அழத் தொடங்கிறா. இந்த நேரத்தில எங்கட வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி வேணும்.

அதால ஒரு வேலை செய்தனான். ஞாயிறு பூசை முடிய அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால நிண்டு மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்தனான்: "அந்தோனியாரே, அந்தக் கறுத்தக் கிடாயை என்ர தங்கச்சிக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டும். நிப்பாட்டினால் உம்மட திருநாளுக்குக் கோயில் சனம் எல்லாருக்கும் ஆட்டுக்கறியும் சோறும் போடுவன்." மனதுக்குள்ள சொல்லியிருக்கலாம். சந்தோசப் புழுகத்தில சத்தமாச் சொல்லிப்போட்டன். பின்னால தேவதாசன் நிண்டவன். மச்சாளின்ர தமையன் வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அண்டு பின்னேரமே அடுத்த பட்டணம் லவால் வரைக்கும் கதை போயிட்டுது.

அதால அடி. குறி தப்பாமல் அடி. படம் எடுக்கேக்க சிரி.

அண்ணன்,
அம்புறோஸ்


மொட்டுவேக்கா
15 ஏப்ரல் 2007

அன்புள்ள அண்ணை,

இதை ஆறுதலா, இருந்து வாசியுங்கோ. மச்சாளையும் பக்கத்தில இருத்துங்கோ.

நேற்று அந்தக் கிடாய் வந்தது.

விடிய வெளிக்கிட்டு மலையில ஏறி, ஒரு கல்லுக்குப் பின்னால இருந்தனான். காத்து மேலயிருந்து என்ர முகத்துக்கு அடிச்சுது, அதால என்ர மணம் அதுகளுக்குப் போகாது. கொலின் அடுத்த பள்ளத்தில வேலி கட்டிக்கொண்டு நிண்டவர். முதல் வந்தது கிடாயின்ர நாத்தம். அப்பிடி ஒரு நாத்தம், கண்ணெரிஞ்சுது. பிறகு ரெண்டு மறி, ஒரு குட்டி, அதுக்குப் பின்னால அவர். "அவர்" எண்டுதான் சொல்ல வருது. கொம்பு ரெண்டையும் தூக்கிக்கொண்டு, மலை தன்ர பேரில எழுதியிருக்கிற மாதிரி ஒரு நடை. எங்கட வீட்டு வாசலுக்கும் எதிர்ப்பக்கத் தெப்பனர் கடைக்கும் இருக்கிற தூரம்தான் இருக்கும். நிண்டு பக்கத்தைக் காட்டினார்.

நான் வில்லை இழுத்திட்டன். முழுக்க இழுத்து, குறி முன்னங்காலுக்குப் பின்னால, எங்க வைக்கோணுமோ அங்க வைச்சிட்டன். கை அசையேல்லை. மூச்சு அசையேல்லை. மணிக்கட்டில மாட்டின விசையை விரலால ஒரு சொட்டு அழுத்தினால் காணும், அம்பு போயிடும். என்ர சீவியத்தில அப்பிடி ஒரு குறி எனக்குக் கிடைச்சதில்லை, இனிக் கிடைக்கவும் மாட்டுது.

அப்ப தலையைத் திருப்பினார். இடது காது நடுவால நேரா, கத்தியால கீறின மாதிரி, ரெண்டாப் பிளந்து கிடந்தது.

அண்ணை, உங்களுக்குத் தெரியும். எங்கட பக்கம் கோயிலுக்கு நேர்ந்து விடுற கிடாய்க்குக் காதைக் கீறித்தான் விடுவினம். தோட்டத்துக்குள்ள பூந்து மேஞ்சாலும் ஒருத்தரும் கல்லெறிய மாட்டினம். அது ஆரோ குடுத்த வாக்கு, நடந்து திரியுது, அவ்வளவுதான். அதில கை வைக்க மற்றவனுக்கு உரிமை இல்லை.

எனக்கென்ன விசரோ? நியூசிலாந்து மலையில ஆர் அந்தோனியாருக்கு ஆடு நேர்ந்து விடுறது? அது எப்பவோ பண்ணையில போட்ட அடையாளம், இல்லாட்டிக் கம்பி வேலியில கிழிஞ்சது. அது எனக்கு அந்த நேரமே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான். நீங்கள் நேர்ந்ததும் ஞாபகம் வந்தது, சுவரில ரெஜான் விட்ட இடமும் ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் வந்தும் எனக்கு அடிக்க மனம் இல்லை. பயமில்லை அண்ணை. பாவமும் இல்லை, நாலு ஆடு அடிச்சவள் நான். இதைத் தொடுறேல்லை எண்டு நான் முடிவெடுத்தன். அவ்வளவுதான்.

பிறகு வில்லை இறக்கினன். உங்களுக்குத் தெரியாது, இழுத்த வில்லை விடாமல் திருப்பி இறக்கிறது இழுக்கிறதைவிடக் கஷ்டம். என்ர வில்லு சில்லுப் பூட்டினது, முழுக்க இழுத்து நிக்கேக்க பாரம் குறைவு. இறக்கத் தொடங்கினால் பாரம் முழுக்கத் திரும்பி வந்து கையைப் பிடிச்சு முன்னால இழுக்கும். கை நடுங்கினால் அம்பு போயிடும். நான் ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கினன். அவர் என்னைக் காணவே இல்லை. மேஞ்சுகொண்டே அந்தப் பக்கம் போயிட்டார்.

நான் அழேல்லை. மலையால இறங்கி வரேக்க பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தனான். இவ்வளவு பெருமையா நான் ஒருநாளும் இருந்ததில்லை, கனடாச் சிற்றிசன் கிடைச்ச அண்டுகூட இல்லை. அதைச் சொல்லுறதுக்கு எனக்கு உலகத்தில நீங்கள்தான் இருக்கிறியள். அதால சொல்லிப்போட்டன்.

சர்மிளா


மொன்றியல்
1 மே 2007

சர்மிளாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. ரெண்டுதரம் வாசிச்சன். ரெண்டாந்தரமும் கொம்பு இல்லை.

எடி பிள்ளை, நான் என்ன கேட்டனான்? அந்தோனியார் என்ன செய்தவர்? மனுசன் எத்தினை வேலைக்கு நடுவில, உலகம் முழுக்கத் துலைஞ்ச கதவுத் திறப்பையும் மோதிரத்தையும் தேடிக் குடுக்கிற மனுசன், எனக்காகக் கிடாயைப் பிடிச்சுக்கொண்டு வந்து உன்ர மூக்குக்கு முன்னால விட்டிருக்கிறார். நீ "நன்றி, வேண்டாம்" எண்டு திருப்பி அனுப்பியிருக்கிறாய். கைக்கெட்டினது வாய்க்கெட்டேல்லை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். வாய்க்கெட்டினதைத் துப்பினவளை இப்பதான் காணுறன்.

இப்ப ஒண்டு கேக்கிறன், அண்ணன் தங்கச்சிக்குள்ள ஒளிப்பு மறைப்பு வேண்டாம். கை நடுங்கிப் போச்சோ? நடுங்கினால் நடுங்கிப் போச்சு எண்டு சொல்லு. ரெஜான் சொல்லுறான், முதல்முதல் பெரிய கொம்பைக் கண்டால் இருவது வரிய வேட்டைக்காரனுக்கும் கால் தந்தி அடிக்குமாம். அதில வெக்கமில்லை. ஆனால் காது கீறிக் கிடந்தது, நேர்ந்து விட்டது, மனம் வரேல்லை எண்டு கதை விடாதை. விழுந்தாலும் மீசையில மண் ஒட்டேல்லை எண்ட கதை உது. இல்லாட்டி ஆடே வரேல்லையோ? ஆடு வராமல் நீ எனக்காக உப்பிடி ஒண்டைச் சோடிச்சு எழுதினியோ? அதையும் சொல்லு.

தேவதாசன் கோயில் வாசலில நிண்டு எல்லாருக்கும் நடிச்சுக் காட்டுறான். வில்லைப் பிடிச்ச மாதிரிக் கையை வைச்சு, "ஐயோ அந்தோனியாரே" எண்டு முழங்காலில விழுறான். சனம் வயிறு குலுங்கச் சிரிக்குது. மானம் கப்பலேறிப் போச்சு எண்டு சொல்லுவினம். நான் கப்பலில ஏத்திற வேலைதானே செய்யிறன், என்ர மானத்தையும் நானே ஏத்திப்போட்டன்.

அம்புறோஸ்


மொட்டுவேக்கா
14 மே 2007

அண்ணை,

எனக்கு மீசை இல்லை.

உங்கட கடிதத்தைக் கிழிச்சு எறிஞ்சிட்டுப் பிறகு எடுத்து ஒட்டி வாசிச்சனான். தேவதாசன் சிரிச்சது எனக்கு நோகேல்லை. அவர் செத்த வீட்டிலயும் பகிடி விடுற ஆள். ரெஜானை எனக்குத் தெரியாது. நீங்கள் "சோடிச்சு எழுதினியோ" எண்டு கேட்டியள் பாருங்கோ, அதுதான்.

என்ர கை நடுங்கேல்லை. ஆடு வந்தது. காது கீறிக் கிடந்தது. நான் அம்பை விடேல்லை. இந்த நாலையும் நான் ஒருக்கா எழுதிப்போட்டன், இது ரெண்டாந்தரம். மூண்டாந்தரம் எழுத மாட்டன்.

நான் சின்னனில இருந்து உங்களுக்குப் பொய் சொன்ன நாள் ஒண்டைச் சொல்லுங்கோ. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. லவாலில வில்லு விடப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். நியூசிலாந்து போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். நீங்கள் கத்துவியள் எண்டு தெரிஞ்சும் சொன்னனான்.

அப்பிள் முடிஞ்சுது. இனி மரம் கத்தரிக்கிற வேலை. இஞ்ச குளிர் தொடங்கிட்டுது.

சர்மிளா


மொன்றியல்
4 யூன் 2007

தங்கச்சி,

கோவிக்காதை. நான் யோசிச்சன். நீ சொன்ன பொய் ஒண்டும் ஞாபகம் வரேல்லை. ஆனால் பிள்ளை, நான் நம்பினால் மட்டும் காணுமோ? என்னைச் சுத்திச் சனம் இருக்கு. அவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது? அந்தக் கொலின் கண்டவரோ? ஆராவது தூரத்தில நிண்டு பாத்தவையோ? அந்தக் கிடாயின்ர படம் ஒண்டு, அந்தக் காது தெரியிற மாதிரி, எடுக்க ஏலுமோ? ஒரு படம் இருந்தால் நான் தேவதாசன்ர மூஞ்சியில ஒட்டுவன்.

இஞ்ச இன்னொரு பிரச்சினை. திருநாள் வருகுது. கொம்பில்லை, அதால விருந்தும் இல்லை எண்டு நான் பேசாமல் இருந்தன். மச்சாள் விடுறா இல்லை. "நீங்கள் என்ன நேர்ந்தனியள்? கொம்பு தாரும் எண்டோ? கிடாயை முன்னால நிப்பாட்டும் எண்டுதானே கேட்டனியள், நான் பக்கத்தில நிண்டனான். அவர் நிப்பாட்டினவர்தானே! அவள் அடிக்காதது அவற்ற பிழையோ? நேர்த்தியை ஏமாத்தினால் குடும்பத்துக்கு ஆகாது" எண்டு நிக்கிறா. நேரவும் தெரியாமல் நேர்ந்து மாட்டுப்பட்ட மடையன் நான். ஆடு வாங்கச் சொல்லியாச்சு.

படத்தைப் பற்றி எழுது.

அண்ணன்


மொட்டுவேக்கா
20 யூன் 2007

அண்ணை,

மச்சாளுக்கு என்ர முத்தம். எங்கட குடும்பத்தில புத்தி உள்ள ஒரே ஆள் அவதான். என்னை நம்பினதும் அவதான். கிடாய் வந்தது எண்டு நான் எழுதினதை அப்பிடியே எடுத்துத்தானே அவ உலை வைக்கிறா.

படம் கேட்டியள். சொல்லுறன்.

போன சனிக்கிழமை ஒக்லாந்தில இருந்து வந்த ஒருத்தர் அந்தக் கிடாயை அடிச்சிட்டார். வில்லாலதான். நான் மரம் கத்தரிச்சுக்கொண்டு நிண்டனான், கொலின் வந்து சொன்னார். கத்தரியைப் போட்டிட்டு மலைக்கு ஓடினன். போய்ப் பாத்தன். தலையை மட்டும் வெட்டிக்கொண்டு போயிட்டார். மிச்சம் பள்ளத்தில கிடந்தது. நாலு அம்பு பட்டிருக்குது. எண்ணிப் பாத்திட்டு வந்து அடுத்த மரத்தைக் கத்தரிச்சன்.

நீங்கள் இப்ப என்ன சொல்லுவியள் எண்டு தெரியும். "பாத்தியோ, நீ விட்டதை இன்னொருத்தன் அடிச்சிட்டான், ஆருக்கு என்ன லாபம்?" எண்டு. ஒருத்தருக்கும் லாபமில்லை. அது சாகக்கூடாது எண்டதுக்காக நான் அதை விட்டதில்லை அண்ணை. அந்த மலையில ஆடு செத்துக்கொண்டேதான் இருக்கும், நானும் நாளைக்கு ஒண்டை அடிப்பன். நான் தொட மாட்டன் எண்டுதான் விட்டனான். நான் தொடேல்லை. அது இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்கு. ஒக்லாந்துக்காரர் அதை மாத்த ஏலாது.

அந்த மனுசன் தலையைப் பிடிச்சுக்கொண்டு இளிக்கிற படம் ஒண்டைக் கொலினுக்குக் குடுத்திட்டுப் போனவர். கொலின் அதை எனக்குத் தந்திட்டார். கொம்பு முழுக்கத் தெரியுது. இடது காது பிளந்து கிடக்கிறது வடிவாத் தெரியுது. ஏப்ரலில நான் எழுதினது அப்பிடியே. என்ர கடிதத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் தேவதாசன் மட்டுமில்லை, பிசப் வந்தாலும் ஒண்டும் சொல்ல ஏலாது.

படம் என்ர பெட்டிக்குள்ள இருக்கு. அனுப்ப மாட்டன்.

படத்தைப் பாத்து நம்புறதெண்டால் அந்த ஒக்லாந்துக்காரரையும் நம்பலாம், அதுக்குத் தங்கச்சி தேவையில்லை. என்ர சொல்லை எடுங்கோ. எடுத்த பிறகு கேளுங்கோ, அண்டைக்கே தபாலில போடுறன்.

சர்மிளா


மொன்றியல்
6 யூலை 2007

என்ர தங்கச்சி சர்மிளாவுக்கு,

உன்ர கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆனால் அதுக்கு முதலே நடந்ததை நீ அறியோணும். திகதியைப் பார், நான் பிறகு சோடிக்கேல்லை. மச்சாள் சாட்சி.

பதினேழாம் திகதி ஞாயிறு திருநாள் விருந்து. கோயில் மண்டபம் நிறையச் சனம். கறி நல்லா வந்தது, மச்சாள் விடியப்புறம் எழும்பி வைச்சது. தேவதாசன் ரெண்டாந்தரமும் சோத்துக் கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கேக்கச் சொன்னான்: "அம்புறோஸ், உன்ர தங்கச்சி ஒரு மடைச்சி. கிடாய் வரவே இல்லை எண்டு எழுதியிருந்தால் உனக்கு இந்த விருந்தும் இல்லை, இந்த வெக்கமும் இல்லை. மலையில ஆர் பாத்தது? வந்ததெண்டு எழுதிப்போட்டுப் பிறகேன் அடிக்கேல்லை எண்டு எழுதுறாள்?"

சனம் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரேல்லை, கோவமும் வரேல்லை. பளிச்செண்டு விளங்கிப்போச்சு. ஆர் பாத்தது? ஒருத்தரும் பாக்கேல்லை. பொய் சொல்லுறவள் எண்டால் ஆடே வரேல்லை எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு நிம்மதியா இருந்திருப்பாள். இல்லாட்டி அம்பு தப்பிப்போச்சு எண்டு எழுதியிருப்பாள், நாங்கள் ஐயோ பாவம் எண்டிருப்பம். என்ர தங்கச்சி எனக்கு வெக்கம் வரும் எண்டு தெரிஞ்சு, நான் கத்துவன் எண்டு தெரிஞ்சு, நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறாள். அதை இந்த வாயாடி சொல்லித்தான் எனக்கு விளங்கோணுமோ? ஒண்டரை மாதமாக் கடிதம் என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ளதான் கிடந்தது.

கரண்டியை வைச்சிட்டு எழும்பினன். "தேவதாசன், நீ திண்டுகொண்டிருக்கிறது என்ர தங்கச்சி சொன்ன சொல்லுக்கு வைச்ச கறி. அவள் கிடாய் வந்தது எண்டாள், வந்தது. கை நடுங்கேல்லை எண்டாள், நடுங்கேல்லை. அடிக்கேல்லை, அடிக்க வேண்டாம் எண்டு அவள் நினைச்சதால. நம்பாதவன் கோப்பையை வைச்சிட்டுப் போகலாம்" எண்டன். ஒருத்தரும் வைக்கேல்லை. தேவதாசனும் வைக்கேல்லை, அது வேற கதை. ஆனால் வாய் மூடித்தான் திண்டவன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில என்ர முறிஞ்ச பிரெஞ்சில முழுக்கச் சொன்னன். நீ வில்லை இறக்கின இடத்துக்கு வர, ரெஜான் சாப்பாட்டை நிப்பாட்டினான். "அவ்வளவு கிட்டவோ? ஆடு வெருளேல்லையோ?" எண்டு ரெண்டுதரம் கேட்டான். எனக்கு அது என்ன பெரிய காரியம் எண்டு விளங்கேல்லை. அதால அந்தச் சனி புது மெட்ரோவில ஏறி லவாலுக்குப் போய், நீ வில்லுப் பழகின மண்டபத்தில காசு கட்டி ஒரு வில்லைக் கேட்டன். கொண்டெயினரோட மாரடிக்கிற கை என்ர கை. இழுத்திட்டன். இறக்கேக்க அந்தச் சனியன் என்னைத் தரதரவெண்டு இழுத்துக்கொண்டுபோய், தோள் பிரண்டு, மூண்டு நாள் சட்டை போட ஏலாமல் கிடந்தன். மச்சாள் எண்ணெய் தேச்சுத் தேச்சுச் சிரிச்சா. நான் உன்னை நம்பினது லவாலில இல்லை பிள்ளை, அதை எழுதி வைச்சுக்கொள். லவாலில நான் கண்டது நான் என்ன மடையன் எண்டு.

இப்ப உன்ர படக் கதை.

இண்டைக்குக் காலமை ரெஜானுக்குச் சொன்னன். "படம் இருக்கோ? உடன எடுப்பி! சுவரில போடுவம்" எண்டு துள்ளினான். நான் வேண்டாம் எண்டன். அது ஆரோ ஒருத்தன் நாலு அம்பு விட்டு அடிச்ச ஆட்டின்ர படம். அதில நீ இல்லை. என்ர தங்கச்சியைப் பற்றி நான் சொல்லேக்க அவன் ஏன் பக்கத்தில நிண்டு இளிக்கோணும்? நம்பின பிறகு கேளுங்கோ எண்டு எழுதியிருக்கிறாய். நம்பிப்போட்டன். அதால கேக்க மாட்டன்.

"அப்ப உனக்கு எப்பிடி நிச்சயம்?" எண்டு ரெஜான் கேட்டான்.

"செ மா சேர்" எண்டன். என்ர தங்கச்சி.

அவன் தலையை ஆட்டிப்போட்டுக் கோப்பியைக் குடிச்சான். உன்ர வில்லுக் கதையைக் கேட்ட நாள் தொடக்கம் அவன் துறைமுகத்தில புதுசா வாற பொடியங்களுக்கு என்னைக் காட்டி இவன்தான் அவளின்ர அண்ணன் எண்டு சொல்லுறான். பதினாறு வரியமா எனக்கு அங்க ஒரு பேர் இருந்தது, ஒருத்தனுக்கும் அது வாயில வராது. இந்தப் பேர் எல்லாற்ற வாயிலயும் வருகுது.

படத்தை அனுப்பாதை.

சர்மிளாவின்ர அண்ணன்